நான் ஓட்டியதை நம்பியது போன் மட்டும்

மூன்று வாரமாக வீட்டில் சொல்லாமல் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். வயது நாற்பத்தொன்பது. சொன்னால் கணவர் பயப்படுவார், அவரைப் பார்த்து நானும் பயந்துவிடுவேன்.

இன்று காலை செம்பூரில் முதல் முறையாகப் பெரிய சாலையில் ஓட்டினேன். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே உள்ளங்கை வியர்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பயிற்சியாளர், "ஆராம் ஸே, மேடம்" என்று இந்தியில் நிதானப்படுத்திக்கொண்டே தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கணவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். மகள் எப்போதோ என் போனில் போட்டுவைத்த வசதி, வண்டி நகர்வதைத் தானே கண்டுபிடித்து, "வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்" என்று பதில் போட்டுவிட்டது.

வண்டியை நிறுத்திய பிறகுதான் பார்த்தேன். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டேன்.

"ஏன்னா, அந்த மெசேஜ்..."

"அதை விடு. நீ பஸ்ல போனாலே உன் போன் இப்படித்தான் உளர்றது. மாட்டுங்கா ஸ்டாப்ல எறங்கி வாழைக்காய் வாங்கிண்டு வா."

"இல்லை, நிஜமாவே நான்தான் ஓட்டினேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, டிரைவர் மேடம். வாழைக்காய் பிஞ்சா பார்த்து வாங்கு."

பேசுவாரே தவிர, அவருக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். பாஸானால் தங்கையின் காரை எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். ஏறுவாரா, ஆட்டோ பிடிப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.