ஓரமாகப் போகச் சொன்னேன்

என் மகளும் அவளுடைய இரண்டு தோழிகளும் வெண்ணந்தூர் சாலையில் சைக்கிளில் பள்ளிக்குப் போவார்கள். மூவரும் ஏழாம் வகுப்பு. பக்கம் பக்கமாகத்தான் போவார்கள். அப்போதுதான் பேச்சு காதில் விழுமாம். எனக்குப் பயம், ஸ்கூட்டரில் பின்னாலேயே போவேன். மகளுக்கு அது வெட்கம் என்பதால் நன்றாகத் தள்ளியே வருவேன்.

மினி பஸ் ஹாரன் அடித்தால் அவர்கள் விலகுவதற்கு முன் சிரிப்பார்கள். "ஏனுங்ண்ணா, ப்ளைட்டுக்கு நேரமாச்சுங்களா?" என்று தோழிகளில் ஒருத்தி, தறி ஓட்டுகிறவர்களின் மகள், ஒருநாள் கத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாலையில் அந்த பஸ் டிரைவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க, பாப்பாகிட்டச் சொல்லி வையுங்க. மூணு பேரும் ரோட்டுல பாய் விரிச்ச மாதிரி போறாங்க. நான் பொறுத்துக்குவேன். எல்லாரும் பொறுக்க மாட்டாங்க."

பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று சொன்னதுபோல் இருந்தது எனக்கு. மறுநாளே மூவரையும் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக, ஓர வெள்ளைக் கோட்டை ஒட்டித்தான் போக வேண்டும் என்றேன்.

"அப்புறம் எப்படிங்க பேசறது?" என்றாள் தறிக்காரர் மகள்.

"பள்ளிக்கூடத்துல போய்ப் பேசுங்க சாமி."

கேட்டுக்கொண்டார்கள். டிரைவர் என்னைத் தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பின்னாலிருந்து பார்த்தவள் நான். முன்பு எரிச்சலோடாவது வேகத்தைக் குறைத்த வண்டிகள், இப்போது குறைக்காமலே உரசுவதுபோல் போயின. பார்த்தும், இதுதானே முறை என்று சும்மா இருந்தேன்.

கோழி ஏற்றிய வேன் ஒன்று அப்படிப் போனபோது, கடைசியில் போன தறிக்காரர் மகள் மண்ணில் சறுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்தது, ஹேண்டில் கோணிக்கொண்டது. வேன் நிற்கவில்லை. அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

"தறிய உட்டுப்போட்டு நான் எங்கீங்க இவ பின்னால வாரது? இனி பஸ்ஸுல போகட்டுங்க" என்றாள் அவள் அம்மா. என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இன்னொரு தோழியையும் அந்த வாரமே பள்ளி வேனில் சேர்த்துவிட்டார்கள்.

"வரிசையாப் போனா நல்லதுன்னுதானுங்க சொன்னேன்" என்றார் டிரைவர் பிறகொரு நாள். "நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்" என்றேன்.

என் மகள் இப்போது தோழிகள் இல்லாமல் தனியாகப் போகிறாள், நான் வழக்கம்போல் தள்ளிப் பின்னால். வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போவதில்லை. இடப்பக்கம் இன்னொரு சைக்கிள் போகும் அளவுக்கு இடம் விட்டே மிதிக்கிறாள். பின்னால் மினி பஸ் ஹாரன் அடிக்காமல் மெதுவாக வருகிறது. அதன் ஜன்னலோரம் தறிக்காரர் மகள் இருக்கிறாள். 'ஓரமாப் போ' என்று தினமும் வாய்வரை வருகிறது. சொல்ல முடியவில்லை. சொல்லாமலிருப்பது சரியா என்றும் தெரியவில்லை.