கடிக்காத பூட்ஸ்

போன வாரம் எங்களுக்கெல்லாம் புது ஷூ கொடுத்தார்கள். நாவலூரில் நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேனில் அட்டைப்பெட்டிகளாக வந்து இறங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்றே அளவு. உலகத்தில் மூன்று விதக் கால்கள்தான் உண்டு என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. நான் எட்டாம் நம்பர் பெட்டியைத் திறந்தேன். போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவுக்குள் கையை விட்டு, நுனிவரைக்கும் விரலால் தடவிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். அவன் சிரித்துவிட்டான்.

"இன்னா அண்ணா, உள்ள பாம்பு கீதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவனே ஆறுதலாக, ஒரு வாரம் கடிக்கும், அப்புறம் சரியாகிவிடும் என்றான்.

இதே வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் பம்மலில் ஒரு பூட்ஸ் பட்டறையில் வேலை செய்தேன். தாம்பரத்திலிருந்து பஸ். பம்மல் வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை அப்படி. நாளாக நாளாக அந்த வாடை எனக்குத் தெரியாமல் போயிற்று. என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தது. எனக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டதும் காபி டம்ளர்கள் உள்ளேயே நின்றுவிட்டன. அது வேறு கதை. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். கூச்சத்தில் மட்டும் காலேஜ் முடித்தவன். யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. கால்களைப் பார்க்கிற வேலை கிடைத்தது ஒரு வகையில் அதிர்ஷ்டம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பட்டறை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். பக்கத்திலிருந்த பவுண்டரியில் இரும்பு உருக்கி ஊற்றுகிறவர்களுக்கு நாங்கள் காலை அளந்து பூட்ஸ் தைத்துக் கொடுத்தோம். அந்த பூட்ஸுக்கு லேஸ் கிடையாது. கொதிக்கிற இரும்பு ஒரு சொட்டு தெறித்து உள்ளே விழுந்தால் முடிச்சை அவிழ்க்க யாருக்கு நேரம் இருக்கும்? காலை ஓங்கி ஒரு உதறு உதறினால் பூட்ஸ் கழன்று பறக்க வேண்டும். ஆனால் நடக்கும்போது கழலக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. தைத்து முடித்ததும் போட்டுக்கொண்டு தெருவில் பத்தடி நடக்கச் சொல்வோம். அப்புறம் உதறச் சொல்வோம். ஒரு தடவை அப்படி உதறிய பூட்ஸ் எதிர் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் மடியில் போய் விழுந்தது. அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "இது இடது காலுபா" என்று திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரர்தான் மாசிலாமணி அண்ணன். பவுண்டரியில் இரும்பு ஊற்றுகிறவர்களில் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர், வாய் ஓயாதவர். முதல் தடவை அவருக்கு அளவெடுத்தது ஒரு கூத்து. பழுப்புக் காகிதத்தில் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவோம். பென்சில் உள்ளங்கால் வளைவுக்குள் நுழைந்ததும் மனிதர் துள்ளிவிட்டார்.

"டேய், கூசுதுடா, வுடுடா டேய்."

மூன்று காகிதம் கிழிந்தது. நாலாவதை வரைவதற்குப் பாய் எழுந்து வந்து அவர் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த முதல் ஜோடி அவரைக் கடித்த கடி கொஞ்சமல்ல. மூன்றாம் நாள் பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு நொண்டியபடி வந்து, இது பூட்ஸா வெறிநாயா என்று கேட்டார். குதிகாலிலும் சுண்டுவிரலிலும் கொப்புளம். நான் தரையைப் பார்த்தபடியே, உள்பக்கம் விளக்கெண்ணெய் தடவி வையுங்கள், வீட்டில் தினம் அரைமணி போட்டுக்கொண்டு நடங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றேன். பழக இரண்டு வாரம் ஆயிற்று. இரண்டு வருஷம் கழித்துத் தைத்த ஜோடி நாலு நாள்தான் கடித்ததாம். அதற்கடுத்த ஜோடி கடிக்கவே இல்லை. வாங்கிய அன்றே நேராகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாராம்.

"உன் கையில இன்னாமோ கீதுபா தம்பி. போட்டதே தெரியல."

எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்ல? என்னை அதுவரைக்கும் யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. அவர் அதோடு நிற்கவில்லை. பவுண்டரியில் எல்லோரிடமும் சொல்லி ஐந்தாறு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்களுக்கும் அதே கையால்தான் தைத்தேன். எல்லோரையும் கடித்தது. அவர்கள் வந்து புலம்பினால், உங்களுடையது பூ மாதிரி கால் என்று மாசிலாமணி அண்ணன் அவர்களைத்தான் கேலி செய்வார். சூட்டில் நின்று நின்று தன் கால் காய்த்துவிட்டது என்பார். பட்டறை வாசலில் பீடியைக் கீழே போட்டு வெறுங்குதிகாலால் அணைத்துக் காட்டுவார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து வாயைப் பிளந்தோம்.

கடிக்காத ஜோடிக்கு அளவெடுத்தபோது அவர் சிரிக்கவில்லை, துள்ளவில்லை. ஒரே காகிதத்தில் வேலை முடிந்தது. பென்சில் உள்ளங்காலுக்குள் போய் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை, டீக்கடைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். என் கை பக்குவப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். பார், எப்படியெல்லாம் நினைக்கத் தோன்றுகிறது மனுஷனுக்கு.

பவுண்டரி மணலின் சூட்டில் பூட்ஸின் அடி சீக்கிரம் கருகிவிடும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோல் மாற்ற வேண்டும். பூட்ஸைப் பாதம் மாதிரி வார்த்த இரும்புக் காலில் கவிழ்த்து மாட்டி, புது சோலை வைத்து ஆணி அடிப்போம். ஆணியின் முனை உள்ளே போய் இரும்பில் இடித்து மடங்கிக்கொள்ளும். எப்போதாவது ஒன்று மடங்காமல் நேராக நிற்கும். அதனால் பாய் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் எந்த பூட்ஸும் வாசலைத் தாண்டக்கூடாது. அந்த வயதில் என் வலது கை விரல்நுனியெல்லாம் கீறலாகவே இருக்கும்.

அன்று மாசிலாமணி அண்ணனின் பூட்ஸுக்கு சோல் மாற்றி முடித்து, கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. அவர் மனைவி கஸ்தூரி அண்ணி வந்தார். தெருவிலுள்ள இரண்டு பெண்களும் கூட வந்திருந்தார்கள். இரண்டு மணி ஷிப்டு, சீக்கிரம் கொடு என்றார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன்.

"இன்னா தம்பி, கீழ எதனா வுழுந்துச்சா? சொல்லு, நாங்களும் தேடுறோம்."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. இரும்புக் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றி, துடைக்கக்கூடச் செய்யாமல், அப்படியே நீட்டிவிட்டேன். கையை உள்ளே விடவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நான் நிமிரவும் இல்லை. கையை விடாதது ஞாபகத்துக்கு வந்தபோது, ஒன்றும் இருக்காது, இருந்தால் அண்ணன் போட்டவுடனே கத்திக்கொண்டு வருவார் என்று சொல்லிக்கொண்டேன். அவர் வரவில்லை. அதோடு அதை மறந்தும் போனேன்.

ஐந்தாறு நாள் கழித்து அவரே வந்தார். வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். இடது பூட்ஸை என் முன்னால் வைத்து, உள்ளே பிசுபிசு என்று இருக்கிறது, வேர்வை போலிருக்கிறது, பார்த்து வை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அங்கே கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நன்றாகத்தான் நடந்து போனார். நொண்டவில்லை.

நான் கையை விட்டேன். விரல் உடனே பின்னால் இழுத்துக்கொண்டது. ஆணி. ஒரு நெல் நீளத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்சோலில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஊறிக் காய்ந்திருந்தது. அதன் மேல் ஈரமாக, இன்னும் சிவப்பாக.

சர்க்கரை வியாதி காலை மரத்துப்போக வைக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து நாள் ஆணி மேல் நடந்தும் வலிக்காத கால் நல்ல கால் இல்லை என்று தெரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தது. பென்சிலுக்கு அவர் துள்ளாமல் போனது, கடிக்காத பூட்ஸ், பீடி அணைத்த குதிகால் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வரிசையாக வந்து நின்றன. அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால், இது யார் அடித்த ஆணி என்று கேட்பார். பாய் கேட்பார். கையை விட்டுப் பார்த்தாயா என்று கேட்பார்.

குறட்டால் ஆணியைப் பிடுங்கினேன். உள்சோலைக் கிழித்தெடுத்து, பின்பக்கம் தோல் கழிவு கொட்டுகிற குவியலில் எறிந்தேன். புது உள்சோல் வெட்டி ஒட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

"வேர்வைதாண்ணா. மாத்திட்டேன்."

கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். பவுண்டரி ஆட்கள் வந்து சொன்னார்கள். காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், சர்க்கரை ஏகத்துக்கு இருக்கிறதாம், கால் அழுகிவிட்டதாம். முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. பார்க்கலாம் என்று நான் இரண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். வாசலில் ஆரஞ்சு விற்கிறவளிடம் ஆரஞ்சு வாங்கி, அதைப் பஸ்ஸில் நானே தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆணி இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு இரும்புத் துணுக்கு அந்தக் காலில் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ரத்தத்தை முதலில் பார்த்தவன் நான்தான். மூன்று வாரம் முன்னால் பார்த்தவன்.

நாலைந்து மாசம் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து கக்கத்துக் கட்டையை ஊன்றி இறங்கினார், கஸ்தூரி அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பவுண்டரியில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்காருகிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். வலது காலுக்கு மட்டும் ஒரு பூட்ஸ் வேண்டுமாம். வாய் மட்டும் குறையவில்லை. தன் இடது கால் அளவுக்கு நாங்கள் வைத்திருந்த மரக்கட்டையைப் பாய் வீட்டு அடுப்பில் போடச் சொன்னார். பாய் சிரிக்கவில்லை.

பழுப்புக் காகிதத்தை விரித்து அந்த ஒற்றைக் காலை எடுத்து வைத்தேன். பென்சில் உள்ளங்காலுக்குள் போயிற்று. அசைவில்லை. இன்னும் அழுத்தினேன். ஒன்றுமில்லை. அந்தக் காலை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கு பூட்ஸ்ல இருந்தது வேர்வை இல்லண்ணா. ஆணி. நான் அடிச்சது."

அண்ணன் பெரிதாகச் சிரித்தார்.

"என் காலுல ஆணி ஏறுனது எனுக்குத் தெரியல, உனுக்குத் தெரிஞ்சிச்சா? பாய், பையன் இன்னாமோ ஒளர்றான். இவன் தெச்ச பூட்ஸ் என்னிக்காவது என்னக் கடிச்சிருக்கா?"

ரத்தம் இருந்தது, நானே பார்த்தேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. விடு விடு என்று என் தலையைத் தடவினார். தனக்கு இப்படி ஆனதை நினைத்து நான் மனசு கெட்டுப் பேசுகிறேன் என்று முடிவு செய்துவிட்டார். குத்தினால் வலிக்கும், வலிக்கவில்லை, ஆகவே குத்தவில்லை. அவ்வளவுதான் அவருக்கு. கடைசிவரைக்கும் அவர் நம்பவில்லை. அதற்கப்புறமும் பவுண்டரி கேட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஆட்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் கஸ்தூரி அண்ணி சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது குனிந்திருந்த எனக்குத் தெரிந்தது.

"எந்த ஆணி?" என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். பாதி வரைந்த பாதத்தை மறுபடியும் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. பாயும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் முடித்து வைக்கிற ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும், நான் கையை விட்டுப் பார்த்த பிறகு, அவரும் ஒரு தடவை விட்டுப் பார்ப்பார். என் கண் முன்னாலேயே. நான் வேலையை விடும்வரைக்கும்.

மாசிலாமணி அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். பாயும் இல்லை. பவுண்டரி இருந்த இடத்தில் நாலு பிளாக் பிளாட் நிற்கிறது. அதன் பின்னால் அண்ணன் குடும்பம் இருந்த லைன் வீடுகளை இடித்தபோது அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். கஸ்தூரி அண்ணி அனகாபுத்தூரில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், போய்ப் பார்த்தேன், இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் மகள் வீட்டில் என்று இன்னொருவர். மகள் பெயர் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இடது பூட்ஸ், அண்ணி. கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அந்த இடத்தில். முக்கால் அங்குல ஆணி. நீங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் அடித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கடைசி ஆணி.