வீட்டுக்கு ஒரு பெயர்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உயர்நிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவம்வரை படித்துத் தேறினேன். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் அப்படி வேறு யாரும் இல்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது.

எழுபதுகள் முடிகிற சமயம். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டம். தேறிய கையோடு தோட்ட ஆபீசில் எழுத்து வேலைக்கு, தற்காலிகக் கிராணியாகச் சேர்ந்தேன். விடியும்போது பெரட்டுக் களத்தில் நின்று, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டு, செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அம்மா வயதுப் பெண்கள் என் எதிரில் வரிசையாக நிற்பார்கள். அதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அவர்களும் சும்மா விடவில்லை.

"கிராணியம்மா, பேனா ரொம்ப கனமா இருக்கா? மண்டோர்கிட்ட சொல்லி ஒரு ஆள் போடச் சொல்லவா?" என்பாள் ஒருத்தி.

"பேனாவ தூக்கிருவா லா. பால் வாளியத்தான் தூக்கமாட்டா" என்பாள் அடுத்தவள்.

அப்படிப் பேசியவளுக்கு அன்றைக்கு ஏறி இறங்க வேண்டிய மேட்டுப் பக்கத்து மர நிரையைக் கொடுக்கும்படி, வேலை பிரிக்கும் மண்டோரிடம் சொல்வேன். மறுநாள் பேச்சு குறைந்திருக்கும்.

அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா பல வருடம் புல்லுக்கு மருந்து தெளித்ததில் நெஞ்சு கெட்டு, இனி வேலைக்கு ஆகாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருந்தால்தான் லயத்தில் குடியிருக்கலாம், இல்லையென்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். எங்கள் வீடு என் பெயரில் நின்றது. அந்தப் பெயருக்கு அடியில் அம்மாவும் தங்கையும் படுத்துத் தூங்கினார்கள்.

தங்கைக்குப் பதினைந்து வயது. மூன்றாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி. அது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பழைய கணக்குப் புத்தகத்தில் நான் செய்திருந்த தப்புகளை அவள் பென்சிலால் திருத்தியிருந்தாள். ரொம்பச் சின்ன எழுத்தில், மரியாதையாக.

நான் தோட்டத்தை விட்டுப் போக வழி தேடினேன். இரண்டு வழி தெரிந்தது. ஒன்று ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்கான தாதிப் பயிற்சி. வருடா வருடம் ஆள் எடுப்பார்கள், அவசரமில்லை. மற்றது ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. அடுத்த மாதமே வந்து சேரச் சொன்னார்கள்.

அம்மா சொன்னது ஒன்றுதான். "தாதிக்கே போடி. ரெண்டே வருஷம் பொறுத்துக்க. சின்னவ அஞ்சாம் படிவம் முடிச்சிரட்டும். அப்பறம் எங்கிட்டாச்சும் போலாம், வீடு போனா போவுது."

"மத்தவங்க பீ மூத்திரம் அள்ளவா நான் படிச்சேன்?"

"உனக்கு நான் அள்ளுனேன்டி. எனக்கு என்னா கொறஞ்சி போச்சி?"

மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரும் வேலைதான் எனக்குச் சரியான வேலை என்று முடிவு செய்திருந்தேன். இன்னும் இரண்டு வருடம் அந்தப் பெரட்டுக் களத்தில் நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது.

வக்கீல் ஆபீசுக்கு நன்னடத்தைக் கடிதம் வேண்டும். தோட்டத்தில் அதற்கு மலாய்ச் சொல்லில் சூராட் என்று பெயர். வழக்கப்படி பெரிய கிராணி மூலமாகத்தான் எதையும் கேட்க வேண்டும். படித்தவள் ஏன் நடுவில் ஆள் வைத்துக் கேட்க வேண்டும் என்று நேராகத் தோட்ட மேனேஜர் தொரையிடம் போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷில் பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார். மண்டோர்களிடம் கற்ற தமிழ் அது. அதில் 'நீங்கள்' என்ற சொல் கிடையாது.

"சூராட் குடுப்பேன். நீ போ. வீட்டுக்கு யாரு பேரு? நாளைக்கு காலைல சொல்லு. பேரு இல்லே, வீடு இல்லே."

வெளியே வந்தபோது பெரிய கிராணி தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒங்கம்மாவ ஆயாக் கொட்டாயில புள்ள பாக்க போட்டு, பேர சத்தமில்லாம ஏத்தியிருப்பேன் லா. இப்ப தொரையே கேட்டுட்டாரு. டிரெஸ்ஸர் தள்ளுன ஆள எப்பிடி எழுதறது?"

அப்போதுகூட, 'நான் ஈப்போவுக்குப் போகவில்லை' என்று தொரையிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பின்வாங்கினால் சிரிப்பார்கள். மறுநாள் விடியலில் என் பெயருக்குப் பதிலாகத் தங்கையின் பெயரை நானே செக்ரோலில் எழுதினேன். பிறகு கூப்பிட்டேன். அம்மாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றவள், "இருக்கேன்" என்றாள்.

"பேனா ஒன்னும் கனமில்ல, பாத்தியா" என்றாள் அந்தப் பழைய வாய்க்காரி. அன்று அவளுக்கு மேட்டு நிரை கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

ஈப்போவுக்குப் போய் மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தேன். தங்கையின் பள்ளிக்கூட வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பரீட்சை முடிவு வந்துவிட்டதாம். பள்ளியிலேயே அவள்தான் முதல்.

"நாலாம் படிவத்துக்கு இன்னும் பேர் குடுக்கலியேம்மா. அறிவியல் வகுப்புல இடம் வச்சிருக்கேன். ஹாஸ்டலுக்கும் கேட்டுப் பாக்கறேன்" என்றார் என்னிடம். அம்மாவிடம் அல்ல. படித்தவள் நான் என்பதால் என்னிடம்.

அவள் போனால் செக்ரோலில் பெயர் இருக்காது. பெயர் வேண்டுமென்றால் நான் திரும்பி வர வேண்டும். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கே படிக்க இஷ்டம் இல்ல சார். நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்" என்றேன் நான்.

வாத்தியார் நம்பவில்லை. உள்ளே பார்த்துத் தங்கையைக் கூப்பிட்டார். அவள் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். கோப்பையைப் பிடித்த விரல்களில் பால் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நீதான் வேணாம்னு சொன்னியாம்மா?"

"ஆமா சார். நான்தான் வேணாம்னேன்."

வாத்தியார் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். தங்கை கோப்பையை எடுத்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"ஈப்போவுல யாராச்சும் என்னப் பத்திக் கேட்டா, படிப்பு ஏறலன்னு சொல்லிரு, அக்கா. ஆளுக்கு ஒன்னு சொல்லாத, ஒனக்கே மறந்துபோயிரும்."

அந்த வாரமே ஆபீசில் ஒருத்தி கேட்டாள். தங்கைக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொன்னேன். சில குடும்பங்களில் ஒருவருக்குத்தான் மூளை அமையும் என்றாள் அவள். ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு மெஷினில் புதுத் தாளைச் செருகி, அடுத்த கடிதத்தை அடித்தேன்.