அவன் வாயைத் திற, இவர்கள் வாயை மூடு

என் மகன் குகனுக்கு மூன்று வயது முடிந்தும் வாயில் ஒரு சொல் வரவில்லை. என் துன்பம் அங்கேதான் தொடங்கியது. நயினாதீவு அம்மாளாச்சியை நம்பி இருக்கிற அடியார்களான உங்களுக்கு இதை மறைக்காமல் சொல்கிறேன். கண்ணீரோடு சொல்லுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அது அம்மாளுக்கும் தெரியும்.

1986ஆம் ஆண்டு. நாங்கள் அப்போது புளியங்கூடலில் இருந்தோம். என் கணவருக்குச் சவூதியில் வேலை. வீட்டில் நானும் மூன்று பிள்ளைகளும் அவருடைய தமக்கையும். தமக்கையை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கலியாணம் பேசி, பெட்டகம் செய்து, சேலையும் எடுத்து வைத்த பிறகு அது குழம்பிப்போனது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

சிறு பிள்ளைகள் மூன்றை ஒரு வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது எப்படி என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வளவுக் கிணறு உவர். விடிய எழும்பிக் குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். குடத்தை இடுப்பில் வைத்தால் கைக்குழந்தையை வைக்க இடமில்லை. அவளுக்குப் பல் முளைக்கிற நேரம், பால் குடிக்கும்போது கடிப்பாள். மூத்தவள் வதனாவுக்கு ஐந்து வயது. காகம் ஏன் பல் விளக்குவதில்லை, கடலுக்கு ஆர் உப்புப் போட்டது என்று குசினிக்குள் வந்து நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் அடுப்பைப் பார்க்கும் நேரத்தில் குகன் தன் கோப்பையிலிருக்கும் பிட்டை அள்ளிக் கோழிகளுக்குப் போட்டு முடித்துவிடுவான். பிறகு வெறும் கோப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைப்பான்.

அவனைக் கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டுவது எனக்கு மிகவும் பிடிக்கும். தலையில் தண்ணீரை ஊற்றினால் விழுந்து விழுந்து சிரிப்பான். மற்றப் பிள்ளைகளைப் போலவே நல்ல குரல். சிரிக்கத் தெரிந்தவனுக்குக் கதைக்கத் தெரியாமலா போகும் என்று நினைப்பேன். அந்த நினைப்பிலேயே அன்றைய பொழுது போய்விடும்.

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. நாக்கில் வசம்பு உரசச் சொன்னார்கள். தேனில் பொன் உரசிக் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாம் செய்தேன். மச்சாள் ஒரு பக்கம், நான் பிள்ளையைத் தூக்குகிற விதம் சரியில்லை, பால் மறக்கப்பண்ணிய விதம் சரியில்லை என்பார். பக்கத்து வீட்டு ராசமக்கா கிணற்றடியில் நாலு பேர் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "தாயே எல்லாத்தையும் கதைச்சு முடிச்சால், பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அரிசி இடித்தேன். உலக்கை உரலுக்கு வெளியில் விழுகிற அளவுக்கு இடித்தேன்.

நயினாதீவு அம்மாளிடம் ஒரு வருடமாகப் பணிவாகக் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம். சாமி அறையில் அவள் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து, தாயே, பிள்ளைக்கு வாக்குக் கொடு என்று கும்பிடுவேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தக் கோடையில் மச்சாளின் பெட்டகத்தில் கறையான் பிடித்தது. அடிப்பலகையின் ஒரு மூலையை அரித்துவிட்டது. அவர் கறையானைத் திட்டாத நாளில்லை. ஒரு நாள் மத்தியானம் பெட்டகத்திலிருந்த சேலைகளையெல்லாம் எடுத்து வெளியே கொடியில் வெயிலுக்குப் போட்டார். மூடிக்கு ஒரு தடியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார். அது பெரிய பெட்டகம், இரண்டு பேர் படுக்கலாம். மூடி விழுந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன் திறப்பு எப்போதும் மச்சாளின் சேலைத் தலைப்பு முடிச்சில் இருக்கும்.

நான் விறாந்தையில் இருந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். குகன் முற்றத்தில் கோழிகளோடு நின்றான். அப்போதுதான் ஆமியின் ஹெலிகொப்டர் வந்தது.

கடற்பக்கத்திலிருந்து மிகவும் பதிந்து வந்தது. பனை ஓலையெல்லாம் படபடவென்று அடித்தது. கரைப்பக்கம் சுடுகிற சத்தம் கேட்டது. வளவு மூலையில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டு வைத்திருந்தோம். நான் குழந்தையை நெஞ்சோடு அணைத்து, வதனாவை இழுத்துக்கொண்டு அதற்குள் விழுந்தேன். முற்றத்தில் குகன் இல்லை. கொடியடியில் நின்ற மச்சாள் அவனைத் தூக்கிக்கொண்டு ராசமக்கா வீட்டுப் பங்கருக்கு ஓடிவிட்டார் என்று நினைத்தேன். மச்சாள் அவன் என்னோடு என்று நினைத்தார்.

ஹெலி போன பிறகு முற்றத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேர் கையிலும் குகன் இல்லை.

கூப்பிட்டேன். கூப்பிட்டு என்ன பயன்? அவன் பதில் சொல்லத் தெரியாத பிள்ளை. பயம் வந்தால் அழவும் மாட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி விறைத்துப்போவான். கட்டிலுக்குக் கீழே பார்த்தோம். அலுமாரிக்குப் பின்னால், ஓலை அடுக்குக்குள், கோழிக்கூட்டுக்குள், மாட்டுக்கொட்டிலில் பார்த்தோம். பெட்டகம் பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடக்கிற பெட்டகத்தை ஆர் பார்ப்பார்கள்? ஓடின அந்தரத்திலும் பதற்றத்திலும், அதைத் திறந்து வைத்த நினைவு மச்சாளுக்கும் வரவில்லை. பிள்ளை கடற்பக்கம் ஓடியிருப்பான் என்று அவர் கரைக்கு ஓடினார். அயலில் இருந்த ஆண்கள் கிணற்றில் இறங்கினார்கள்.

பெண்கள் எங்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். இதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் துடிக்கிறது. ஹெலியில் வந்தவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஊருக்கு மேல் வந்து சுடுவதற்கு உனக்கு என்ன நியாயம் என்று ஆகாயத்தைப் பார்த்து ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. என்னைத்தான் கேட்டார்கள். "நீ எங்கை பாத்துக்கொண்டு நிண்டனி?" வந்த ஒவ்வொருவரும் அதையே கேட்டார்கள். ராசமக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்து, ராசா, என்ர ராசா என்று அழத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் பிள்ளை செத்துவிட்டான் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள்.

குழந்தையை வதனாவின் மடியில் வைத்துவிட்டுச் சாமி அறைக்குள் போனேன். கும்பிடவில்லை. விழுந்து வணங்கவில்லை. நின்றபடியே படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"உனக்கு எத்தினை வெள்ளி விளக்கு வைச்சனான். எத்தினை நாள் பட்டினி கிடந்தனான். நீயும் ஒரு தாயோ? எனக்கு இப்ப என்ர பிள்ளை வேணும். அவன்ர வாயைத் திற. அது உனக்கு ஏலாதெண்டால், வெளியில நிக்கிறவையின்ர வாயை எண்டாலும் மூடு."

அப்படியேதான் கேட்டேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. இதற்கு முன் எந்தக் கோயிலிலும் எந்தச் சாமியோடும் நான் அப்படிக் கதைத்ததில்லை.

சொல்லி முடித்ததும் வெளியே போய் விறாந்தையில் நின்றேன். என் குரலா அது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

"எல்லாரும் வாயை மூடுங்கோ."

கிணற்றில் நின்ற ஆண்களுக்கும் அது கேட்டதாம். முற்றம் அப்படியே அடங்கியது. ராசமக்கா வாயைத் திறந்தபடியே இருந்தார், சத்தம் வரவில்லை. கைக்குழந்தை கூட அழுகையை நிறுத்திவிட்டது.

அந்த அமைதிக்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. துணிக்குள் அமுங்கின மாதிரி, மெல்லிய குரல்.

"ம்மா."

பிறகு ஒரு தட்டல். பிறகு தெளிவாக, "அம்மா."

அந்தக் குரலில் ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தது. மச்சாளின் அறைக்குள் ஓடினேன். பெட்டகத்துக்குள்ளிருந்துதான் வந்தது. திறப்பு மச்சாளின் சேலையில், மச்சாள் கடற்கரையில். நான் அவரைத் தேடி ஆள் அனுப்பவில்லை. குசினிக்குப் பின்னால் நிலம் கிண்டுகிற அலவாங்கு சாத்தியிருந்தது. எடுத்து வந்து பூட்டுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பினேன். மரம் அசையவில்லை. ஒரு வருடம் கிணற்றடியில் கேட்ட அத்தனையும் என் கைக்குள் வந்தது. ஹெலியின் சத்தமும் வந்தது. நல்ல முதிரைப் பலகை பிளந்து, பித்தளைப் பூட்டு தெறித்து விழுந்தது.

குகன் வியர்வையில் தோய்ந்து, கறையான் அரித்த மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். ஹெலிக்குப் பயந்து உள்ளே ஏறி ஒளிந்திருக்கிறான், முட்டுத்தடி தட்டுப்பட்டு மூடி விழுந்திருக்கிறது. அந்த ஓட்டையால்தான் அவனுக்குக் காற்று வந்திருக்கிறது. தூக்கினேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை.

கரைக்குப் போன மச்சாள் முழங்கால் வரை நனைந்தபடி ஓடி வந்தார். அறை வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்தார். பிளந்து கிடந்த பெட்டகத்தைப் பார்த்தார். அவருடைய கலியாணத்துக்கென்று அவருடைய ஐயா செய்வித்த பெட்டகம். நான் அடிக்கும் ஏச்சுக்கும் தயாராக நின்றேன். எனக்கும் திருப்பிச் சொல்ல நிறைய இருந்தது. அவர் பக்கத்தில் வந்து குகனின் முதுகைத் தடவினார்.

"உந்தப் பெட்டகத்துக்கு இன்னும் நாலு அடி போட்டிருக்கலாம் நீர்" என்றார்.

பிறகு பெட்டகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதார். கூடிநின்றவர்களை நான்தான் வெளியே அனுப்பினேன். அந்த மூடியை அடுத்த நாள் அவரே கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டார். அதற்குப் பிறகு பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்குப் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டார் என்று சொல்லமாட்டேன். சொல்லுவார். நானும் திருப்பிச் சொல்லுவேன். ஆனால் நான் தண்ணீருக்குப் போகும்போது கைக்குழந்தை அவர் இடுப்பில் இருந்தது.

அன்றே குகன் கடகடவென்று கதைக்கத் தொடங்கிவிட்டான் என்று சொன்னால் அது பொய். பல வாரம் மறுபடியும் ஒரு சொல் இல்லை. உனக்கு அந்தரத்தில் அப்படிக் கேட்டிருக்கும் என்று ராசமக்கா சொன்னார். "ஓம், எனக்குக் கேட்டது" என்றேன். அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் கிணற்றடியில் தலையில் தண்ணீர் விழும்போது "இன்னும்" என்றான். மாரி வந்த பிறகு "காகம்" என்றான். அடுத்த கோடைக்குள் வதனாவின் கேள்விகளுக்கெல்லாம் பிழையான பதில்களைச் சொல்லத் தொடங்கிவிட்டான். இரண்டு பேரின் சண்டையைத் தீர்க்க ஏலாமல் நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

நின்றுபோயிருந்த படகு மறுபடி ஓடத் தொடங்கியதும் நாங்கள் எல்லோரும் குறிகட்டுவான் துறையால் நயினாதீவுக்குப் போனோம். அம்மாளுக்கு முன்னால் நின்றபோது அழகான சொற்கள் ஒன்றும் எனக்கு வரவில்லை. நன்றி சொன்னேன். ஏன் பிள்ளையைப் பெட்டகத்துக்குள் அனுப்பி அவன் சொல்லைக் கேட்கவைத்தாய் என்றும் கேட்டேன். கறையானை அனுப்பியவளும் நீதானே என்று நானே பதிலும் சொன்னேன். மச்சாள் பக்கத்தில் நின்று, கோயிலில் மெதுவாகக் கதையும் என்று என் கையைக் கிள்ளினார்.

என் வாழ்க்கையில் மாறியது இதுதான். மாலையில் பிள்ளைகளுக்குக் கால் முகம் கழுவி விளக்கு வைத்த பிறகு, கொஞ்ச நேரம் எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. சும்மா இருந்து கேட்போம். முதலில் கதைக்கிறவன் எப்போதும் குகன்தான். இன்னொன்று. பிள்ளை நடக்கவில்லை, கதைக்கவில்லை, கறுத்துப்போனது என்று ஒரு தாயைச் சுற்றி நின்று நாலு பேர் குத்திக் கதைக்கிற இடத்தில் நான் இப்போது சும்மா நிற்பதில்லை. போய் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். என் முகத்தைப் பார்த்தாலே பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள்.

இன்றைக்குக் குகனுக்குப் பதினொரு வயது. நாங்கள் ஊரில் இல்லை. எங்கள் தீவை ஆமி பிடித்த பிறகு யாழ்ப்பாணப் பக்கம் வந்து ஒரு பள்ளிக்கூடத்திலும், பிறகு ஒரு சொந்தக்காரரின் வளவிலும் இருக்கிறோம். மச்சாளும் எங்களோடுதான். நயினாதீவுக்குப் போகிற பாதையை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தாய் தன் அம்மாளைப் பார்க்கப் போவதற்கு ஆரிடம் அனுமதி கேட்பது?

ஆகவே என் அன்பான அடியார்களே, உங்களிடம் நல்ல சொற்கள் இல்லை என்று அவளிடம் போகாமல் இருக்காதீர்கள். கோபம்தான் இருக்கிறதென்றால் கோபத்தையே கொண்டுபோங்கள். அவள் அதற்குப் பயப்படுகிறவள் இல்லை. விளக்கெரிக்க எண்ணெய் இல்லாத இந்தக் காலத்திலும் நான் ஒவ்வொரு மாலையும் மேற்குப் பக்கம் பார்த்து நின்று அவளோடு சண்டை பிடிக்கிறேன். என் பிள்ளைகளை ஊருக்குக் கொண்டுபோ என்று கேட்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரும். நான் விடப்போவதில்லை. நீங்களும் விடாதீர்கள்.