அக்கா வயலுக்கு மஞ்சள் அடித்த வகுப்பு

“…மரமில்லை, மேடில்லை, வீடுகளும் ஓரமாகத்தான் இருக்கின்றன. மொத்தமும் ‘லேயர்’, ஹெர் முருகையன்!” என்றாள் என் மாணவி லேனா. ஜெர்மன் மொழியில் லேயர் என்றால் காலி, ஹெர் என்றால் திரு. அந்த நேரம் பார்த்து வெளியே வெயில் எட்டிப் பார்க்க, பாதி வகுப்பு ஜன்னலோரம் போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. “வெயிலுக்கு மட்டும்தான் இங்க ரேஷன் கார்டு கேக்க மாட்டாங்க” என்பார் எங்கள் ஊர் டீக்கடைக்காரர். வயரிங் வேலையில் கை சுட்டுக் கற்றவன் நான். இன்று இவர்களுக்குச் சோலார் பாடம் நடத்துகிறேன். ஒரு வட்டாரத்தில் வெயில் எவ்வளவு, நிழல் எங்கே விழும், மின்கம்பி எத்தனை தூரம், நிலம் யார் கையில் என்றெல்லாம் பார்த்து, பேனல் போடத் தோதான இடத்துக்குப் படத்தில் மஞ்சள் அடிக்க வேண்டும். என்னை மகிழ்விக்க நினைத்து லேனா எடுத்துக்கொண்டது கும்பகோணம் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்தை.

செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்தது. அறுப்பு முடிந்து வயல் வெடித்துக் கிடக்கிற காலம். “காலியில்லை, நெல்வயல். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் பச்சையாகிவிடும். நீ விரல் வைத்திருப்பது எனக்கும் அக்காவுக்கும் பொதுவான வயல்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஒரு சோலார் கம்பெனி அதைக் குத்தகைக்குக் கேட்கிறது. நான்தான் பதில் சொல்லாமல் நாள் கடத்துகிறேன்.

“விவசாயம் செய்வது நீங்களா?”

“அக்கா.”

“நிலத்தில் இருப்பவரைக் கேட்காமல் மதிப்பிடக் கூடாது என்றீர்களே?”

சொன்னது நான்தான். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டு, வயலைக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

“பாடத்துக்குக் கேக்குறியா, நெசமாவே கேக்குறியா? அவங்க வந்தா வாசல்ல கோலம் போட்டுக் கூப்புடுவேன்டா! நடவுக்கு ஆள் கெடைக்கல, முட்டி மடங்கல. திருச்சியில மக வீட்டோட போயிடலாம்னா இந்த வயலு காலக் கட்டிப் போட்டிருக்கு. வருசத்துக்கு ஒருக்கா நீ வரப்புல நின்னு போட்டோ புடிக்க, நான் சேத்துல நிக்கணுமா? உலையில அரிசி கெடக்கு, வைக்கிறேன்.”

அந்த வயலும் போய்விட்டால் ஊர் என்று சொல்ல எனக்கு என்ன மிஞ்சும்? என் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை விட்டு நானும் போக முடியாது, அக்காவையும் போக விடமாட்டேன் என்கிறேன்.

“திட்டினாரா?” என்றாள் லேனா.

“இல்லை. சம்மதம் என்கிறார்.”

“நீங்கள்?”

லேனா படத்தை இழுத்து, வயலின் நடுவே ஒரு கோடு போட்டாள். அக்காவின் பாதிக்கு மஞ்சள் அடித்தாள். மறுபாதியை அப்படியே விட்டுவிட்டு, மஞ்சள் பென்சிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.