ரெண்டிலேயே இழுப்பவர்

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்களில் நம் ஆளுக்கு மட்டும் வெண்ணெய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கைபட்டால் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்பது ஒரு காரணம். ஆளைப் பார்த்தால் 'சரியான வெண்ணெய்' என்று திட்டத் தோன்றும் என்பது இன்னொரு காரணம். எது நிஜம் என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். அதில் பாதி வேலையை 'ஸ்லைடு' என்கிற ஒரே வார்த்தை பார்த்துக்கொண்டது. கட்டிலில் இருப்பவரை வழவழப்பான நைலான் விரிப்போடு வண்டிக்கு நகர்த்துவது ஸ்லைடு. ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டு ஸ்லைடு, அதை லேபில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். மாடி ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு டாக்டர்கள் திரையில் பார்ப்பதும் ஸ்லைடு. ஆப்பரேஷன் தியேட்டர் கதவும் ஸ்லைடு. குழந்தைகள் வார்டுக்கு வெளியே இருக்கும் சறுக்குமரத்தை மட்டும் விட்டுவைப்பானேன்? அதுவும் ஸ்லைடுதான். இதையெல்லாம் வீட்டில் சொன்னால் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"ஒரே வார்த்தைய வெச்சுக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரியையே ஓட்டறீங்களே!"

பிள்ளைகள் இல்லாத வீடு. சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் "இன்னிக்கு என்ன?" என்று ஆரம்பித்துவிடுவாள். அவரும் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். அவள் காதுக்குப் போகாத வார்டு ரகசியம் எதுவும் கிடையாது. அதுவே ஒருநாள் வினையாக வந்தது.

அவருடைய தொழில் ரகசியம் இதுதான். நோயாளியைக் கட்டிலிலிருந்து நகர்த்தும்போது எல்லோரும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி மூணுக்கு இழுப்பார்கள். மூணு வரப்போகிறது என்று தெரிந்ததும் நோயாளி உடம்பை விறைத்துக்கொள்வார். விறைத்த உடம்பில்தான் வலி அதிகம். அதனால் வெண்ணெய் ரெண்டிலேயே இழுத்துவிடுவார். கூடப் பிடிப்பவர்களுக்குக் கண்ஜாடை போதும். நோயாளி மூணுக்காகப் பல்லைக் கடிக்கும்போது வண்டியில் இருப்பார். "அட, முடிஞ்சுதா!" என்று அவர்கள் விழிப்பதை வெண்ணெய் நடித்துக் காட்ட, மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள்.

அந்த மனைவிதான் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுச் சரியாக அலசாமல் விட்டவர் வெண்ணெய். இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. காலையில் அதே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கியபோது அவள் அலறிவிட்டாள். எத்தனையோ பேருடைய அலறலைக் கேட்ட காதுதான். இது வேறு.

மதியம் ஆப்பரேஷனுக்கு அழைத்தார்கள். வண்டியோடு வந்தவர் எக்ஸ்பிரஸ். எதையும் தடதடவென்று முடிப்பதால் அந்தப் பெயர். விரிப்பைச் செருகி அவரும் இன்னொரு ஊழியரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். எக்ஸ்பிரஸ், "ஒண்ணு..." என்றதுமே அவள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்! ரெண்டுல இழுத்துருவீங்க. எனக்குத் தெரியும்."

"இல்ல அண்ணி, மூணுக்குத்தான்."

"யார்கிட்ட கதை விடறீங்க? அவர் சொல்லிக் குடுத்ததுதானே!"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, இதையும் வீட்ல போய்ச் சொன்னீங்களா? தியேட்டர்ல வெயிட் பண்றாங்க. இப்ப விட்டா நாளைக்குத்தான்."

நாளை வரைக்கும் இந்த வலியோடா? கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. இந்த விறைப்போடு இழுத்தால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பேச்சுக் கொடுத்து ஏமாற்றலாம் என்று வாயெடுத்தார். அந்த வித்தையையும் போன மாதம்தான் அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தார். கையில் ஒன்றும் மிச்சமில்லை.

"தள்ளு, நான் பிடிக்கறேன்" என்று எக்ஸ்பிரஸை நகர்த்திவிட்டு விரிப்பைப் பிடித்தார். சொந்தக்காரர்கள் தொடக்கூடாது என்பது விதி. நர்ஸ் பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் எண்ணலே. நீயே எண்ணு" என்றார்.

அவள் நம்பவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "ஒண்ணு" என்றாள்.

யாரும் அசையவில்லை.

"ரெண்டு."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெண்ணெயின் தோள் தானாகத் துடித்தது. வருஷக்கணக்காக இந்த வார்த்தைக்கு இழுத்துப் பழகிய கை. முழங்கையை விலாவோடு ஒட்டி அடக்கிக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்றவர் கண்ஜாடை கேட்டார். இவர் தலையை ஆட்டவே இல்லை.

ஒன்றும் நடக்காததைப் பார்த்து அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். விரிப்பைப் பிடித்தபடி அவர் அப்படியே நின்றிருந்தார். மற்ற கண்ணையும் திறந்தாள். ஒரு கை கம்பியை விட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கையும் விட்டது. மூச்சை வெளியே விட்டுவிட்டு, சாதாரணக் குரலில், "மூணு" என்றாள்.

வலிக்கத்தான் செய்தது. உதட்டைக் கடித்து ஒருமுறை முனகினாள். ஆனால் காலையில் போட்ட அந்த அலறல் இல்லை.

எக்ஸ்பிரஸ் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகத் தள்ளினார். வெண்ணெய் அவள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தார். தலைமாட்டில் நின்றே பழகியவருக்குப் பக்கவாட்டில் எப்படி நடப்பது என்று தெரியாமல் சுவரில் இரண்டு முறை இடித்துக்கொண்டார்.

"தரைய நான்தான் சரியா அலசலே" என்றார் திடீரென்று.

"தெரியும்" என்றாள். "வந்து திட்டறேன்."

தியேட்டர் கதவு சத்தமில்லாமல் விலகியது. சொந்தக்காரர்கள் அதோடு நிற்க வேண்டும். எத்தனையோ பேரை அந்த இடத்தில் "நீங்க இங்கேயே இருங்க" என்று நிறுத்தியவர், கையை விடாமல் நின்றார். யாருக்கும் அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள்தான் சொன்னாள். "கைய விடுங்க. மூணு வரைக்கும் நான் எண்ணறேன்."