வெயில் காட்டிய அலமாரி

அமெரிக்காவில் எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் இருப்பதெல்லாம் அட்டைப்பெட்டியில் வந்து நாங்களே திருகி நிறுத்திய சாமான்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது ஆசைப்பட்டு வாங்கிய பழைய சீனத்து அலமாரி மட்டும் வேறு ஜாதி. இடுப்பளவு உயரம். கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு. கதவில் தங்க நிறத்தில் இரண்டு கொக்குகள்.

அந்தப் பூச்சு நம் ஊர் அரக்கு அல்ல, ஒரு மரத்தின் பால். மெல்லிசாகப் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசுவார்களாம். வேடிக்கை என்னவென்றால், அது காய ஈரக்காற்று வேண்டும். வெயில் ஆகவே ஆகாது. ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதன்மேல் கை வைத்து நிற்பேன். அதுதான் எனக்கு ஓய்வு.

அம்மா இறந்தபின் அப்பாவை ஈரோட்டிலிருந்து அழைத்து வந்தேன். அதன்பிறகு ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே அடுப்படிதான்; அலமாரிப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் குளிர்காலம். அப்பா பாத்திரத்தைத் தொட்டால், "விடுங்கப்பா, ரெஸ்ட் எடுங்க" என்பேன். என் மகனிடம் அவர் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் வரும்.

"கண்ணு, அந்த அலமாரி பூஞ்சை வாடை அடிக்குது" என்றார் ஒருநாள்.

"இருக்கட்டுங்கப்பா." எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

இரண்டு மாதம் கழித்து, முந்தின இரவு பனி கொட்டியதால் ஒருநாள் வீட்டிலிருந்தே வேலை. முற்பகலில் நல்ல வெயில். மாடியிலிருந்து இறங்கி வந்தால், கண்ணாடிக் கதவோரம், பெட்ஷீட்டின்மேல் என் அலமாரி. தினமும் நான் போனதும் அங்கே இழுத்து வைத்து, வருவதற்குள் பழைய இடத்தில் சேர்த்திருக்கிறார். கறுப்பு வெளிறி டீத்தண்ணீர் நிறமாகியிருந்தது. கொக்குகளின் மேல் மயிரிழை வெடிப்புகள்.

"வாடை போயிருச்சு பாரு கண்ணு! வெயில் காட்டினா எதுவும் சரியாயிரும்."

"யாருங்கப்பா உங்களை இந்த வேலை செய்யச் சொன்னாங்க?"

அவர் முகம் சுருங்கியது. பெட்ஷீட்டின் நுனியை நேராக இழுத்துவிட்டார்.

"யாரும் ஒரு வேலையும் சொல்லலையே கண்ணு."

இருவரும் சேர்ந்து அலமாரியைச் சுவரோரம் தள்ளினோம். அழக்கூடத் தெம்பில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது, ஐசலின் இந்தியக் கடையில் வாங்கிய சின்ன வெங்காயத்தை முறத்தோடு அவர் முன்னால் வைத்தேன்.

"சாயங்காலம் சாம்பாருக்கு வேணுங்கப்பா. உரிச்சு வெச்சிருங்க."